ஏங்க, கொஞ்சம் எறக்குங்க

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு பொறியாளர் சங்கம் தன் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டது. தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'ஹெலிகாப்டர் வடிவமைப்பிலும் பாதுகாப்பிலும் பொறியியல் புதுமைகள்'. இரண்டு பக்கம், படத்துக்கு இடம் விட்டு. ஹெலிகாப்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது மேலே போகும், ஆண்டவன் சித்தம் இருந்தால் கீழே வரும் என்பதுதான். ஆனாலும் தலையை ஆட்டிவிட்டேன். எழுதுகிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

முதல் வரியை இப்படி எழுதினேன்:

[காலைக் கதிரவன் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளைத் தழுவும் வேளையில், ஓர் உலங்கு வானூர்தி தன் சுழலிகளை —]

அங்கேயே நிறுத்திவிட்டேன். ஈப்போவில் உலங்கு வானூர்தி என்று சொல்லும் ஒரே மனிதர் இளையதம்பி ஐயா. அவரும் இலங்கைச் செய்தி கேட்டுக் கேட்டு அப்படி ஆனவர். நமக்கு ஹெலிகாப்டர் போதும். கதிரவனும் யாரையும் தழுவ வேண்டாம்.

இரண்டாவது முறை சமர்த்தாக எழுதினேன். வால் விசிறியை ஒரு வளையத்துக்குள் அடைத்துவிட்டதால் தரையில் நிற்பவர் அதில் சிக்காமல் தப்புகிறார் என்று எழுதினேன். விழுந்தாலும் கிழியாத ரப்பர் பைக்குள் எரிபொருளை வைக்கிறார்கள் என்று எழுதினேன். [ரப்பர் என்றதும் எங்கள் பேராக் மாநிலத்துக்காரர்களுக்குக் காது நிமிரும். இது நம் மரத்து ரப்பர் இல்லை, ஆலையில் செய்வது. உட்காருங்கள்.] தரையில் மோதும்போது இருக்கையே அமுங்கி அடியைத் தான் வாங்கிக்கொண்டு முதுகெலும்பைக் காப்பாற்றுகிறது, மின்கம்பி குறுக்கிட்டால் மூக்கில் இருக்கும் கத்தி அதை அறுக்கிறது, பல்சக்கரப் பெட்டியின் அதிர்வைக் கேட்டுக் கோளாறை முன்கூட்டியே சொல்ல ஒரு கருவி வந்துவிட்டது. எல்லாம் சரியாக இருந்தது. கட்டுரை நன்றாக உடுத்திப் படுக்கவைத்த பிணம் மாதிரி இருந்தது.

தப்பு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி தர்மினியிடம் கொடுத்தேன். இளையதம்பி ஐயாவின் மகள். ஹெலிகாப்டர் கருவிகள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பொறியாளர். காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள்.

"எல்லாம் சரிதான் அண்ணே. ஆனா உள்ள ஓட்டுறதுக்கு ஒரு ஆள காணோமே?"

பிறகு காப்பி ஆறும்வரை தன் பட்டறையில் நடந்ததைச் சொன்னாள். கட்டுரை அந்த மேசையிலேயே செத்தது. பெயர்களை நான் மாற்றியிருக்கிறேன். மற்றவற்றில் எது அவள் சொன்னது, எது நான் சேர்த்தது என்பது எனக்கே இப்போது குழப்பம்.

2

தர்மினியின் பட்டறை லகாட் போகும் சாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. கீழே டயர் கழற்றும் சத்தம், மேலே வானம். உடைத்துப் போட்ட ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ஓர் இருக்கை, நிஜமான பிடிகள், முன்னால் மூன்று திரைகள். திரையில் பேராக் முழுவதும் பச்சையாக ஓடும். முதலாளியின் பெயர் ஷான். நல்ல மனிதர், அவருடைய தமிழ் மட்டும் தோசைக்கும் சாம்பாருக்கும் நடுவில் எங்கோ நின்றுபோனது.

இப்போது ஒரு பத்தி பாடம். தாண்டிப் போய்விடாதீர்கள், கதை முழுக்க இதன்மேல்தான் நிற்கிறது.

இன்ஜின் நின்றால் ஹெலிகாப்டர் கல் மாதிரி விழும் என்று நான் நினைத்திருந்தேன். விழாது. விமானியின் இடது கைப்பக்கம் ஒரு நெம்புகோல் இருக்கிறது. கலெக்டிவ் என்பார்கள். அதைத் தூக்கினால் தலைக்கு மேல் இருக்கும் விசிறியின் இறக்கைகள் காற்றை அதிகமாகக் கடிக்கும். இறக்கினால் கடி தளரும். இன்ஜின் நின்றவுடன் அதை இறக்கிவிட்டால், கீழேயிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றை வைத்துக்கொண்டு கீழே வந்து, தரைக்குக் கிட்டத்தில் ஒரு தூக்குத் தூக்கினால் மெதுவாக உட்கார்ந்துவிடலாம். ஆனால் உடனே இறக்க வேண்டும். சின்ன ஹெலிகாப்டரில் அந்த 'உடனே' என்பது ஒரு தும்மல் போடுகிற நேரம். அதைத் தவறவிட்டால் விசிறி தளர்ந்துவிடும், அப்புறம் யார் வந்தும் பயனில்லை.

சிக்கல் மனிதனின் கையில் இருக்கிறது. கீழே போகிறோம் என்று தெரிந்ததும் எவனும் எதையாவது மேலே இழுக்கத்தான் பார்ப்பான்.

தர்மினி செய்த கருவி ரொட்டிப் பெட்டி அளவுதான். விசிறி தளர்வதற்கு முன்பே, இன்ஜினின் இழுப்பு விடுவதைக் கண்டுபிடித்து, விமானியின் காதில் சொல்லிவிடும். வழக்கமான எச்சரிக்கைக்கு முன்னால் இப்படிக் கிடைக்கும் அரை வினாடிக்காக அவள் இரண்டு வருடம் உழைத்திருந்தாள். அந்த அரை வினாடியைச் சோதித்துப் பார்க்க வந்தவர்தான் கஸ்பார்.

கஸ்பார் சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, படையில் ஹெலிகாப்டர் ஓட்டி, ஓய்வு பெற்று, இப்போது ஒரு நில அளவைக் கம்பெனிக்கு ஓட்டுகிறார். ரப்பர் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்த இடம், செம்பனை போய்த் தாமான் குடியிருப்பு வீடுகள் வந்த இடம், எல்லாவற்றையும் மேலேயிருந்து படம் எடுக்கிறவர்களைச் சுமந்துகொண்டு போவார். பட்டறைக்குள் நுழையும்போதே "பசியாறிட்டீங்களா?" என்றுதான் வருவார், கையில் கடையில் தாப்பாவ் கட்டி வாங்கிய நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றுப் பொட்டலங்களோடு.

அவரை உட்காரவைத்து, ஓட்டிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் இன்ஜினை நிறுத்துவாள் தர்மினி. பெட்டி ஆங்கிலத்தில் ஒரு பெண் குரலில் எச்சரிக்கும். கஸ்பாரின் கண் முதலில் முள்ளைப் பார்க்கும், பிறகு விளக்கைப் பார்க்கும், பிறகுதான் கை நகரும். சில தடவை கை மேலேயே போனது. திரை சிவப்பாகும். சிவப்பு என்றால் ஓட்டியவர் வீட்டுக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

"இது பொம்மைதானே தர்மினி. நெசத்துல கை தானா போவும்லா" என்று சிரித்தார் கஸ்பார்.

"ஏன் அண்ணே, அவ சொன்னது காதுல விழலையா?"

"விழுந்துச்சு. ஆனா முப்பது வருசமா இந்த மாதிரி எத்தனையோ கத்தி கேட்டுட்டேன். பாதி பொய். கத்துனது நெசமான்னு பாத்துட்டுத்தான் கை வைக்கிறது."

தர்மினிக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை அவர் நிஜமான ஹெலிகாப்டரில் ஏறுவார், அதற்கடுத்த வாரமும் ஏறுவார். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இன்ஜின் நின்றால் இந்தக் கை முள்ளைப் பார்த்துவிட்டுத்தான் வரும். பொட்டலத்தைப் பிரித்துச் சம்பலை அவள் பக்கம் தள்ளிக்கொண்டிருந்த அந்தக் கையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று அவளால் சாப்பிட முடியவில்லை.

3

இங்கே கஸ்பாரின் மனைவி வர வேண்டும். நான் முதலில் எழுதிய கெர்ட்ரூட் இதோ:

[ஜன்னலோரம் நின்று, ஜெபமாலையை உருட்டியபடி, ஈரக் கண்களோடு அவள் வானத்தையே —]

இதைத் தர்மினியிடம் படித்துக் காட்டினேன். காப்பி மூக்கில் ஏறிவிட்டது அவளுக்கு. கெர்ட்ரூட் அக்கா ஜன்னலோரம் நிற்க மாட்டாராம், ஜன்னல்தான் அவரைக் கண்டால் ஓரமாக நிற்குமாம்.

ஆகவே மறுபடியும். கெர்ட்ரூட் லகாட்டில் ஒரு பள்ளிக்கூட கேண்டீன் நடத்துகிறார். கஸ்பாரும் அவரும் ஒரே தோட்டம், ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. அப்போது வந்த 'டேய்' கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. "டேய் கஸ்பாரு!" என்று அவர் கூப்பிட்டால் மூன்று வீடு தள்ளியிருக்கும் சீனக் குடும்பத்தின் நாயும் எழுந்து நிற்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தர்மினி அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தாள். கோழி பெரட்டல். வாசலில் கஸ்பாரின் செருப்பு வழியை மறித்துக்கொண்டு கிடந்தது.

"டேய்! செருப்ப நடுவுல போடாதன்னு எத்தன தடவடா சொல்றது? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

தர்மினியின் கையிலிருந்த தட்டே ஆடிவிட்டது. அந்த ஆட்டத்தில்தான் அவளுக்கு யோசனை உதித்தது. ஆங்கிலக்காரி வேண்டாம். இந்தக் குரல் காதுக்குள் வெடித்தால் எந்த ஆம்பளையும் கையை இறக்குவான்.

[கஸ்பார் அன்று அந்தச் செருப்பை நகர்த்தினாரா என்று அவள் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. பின்னால் வரும்.]

கிளம்பும்போது வாசல் கேட்டில் வைத்துக் கேட்டாள்.

"அக்கா, எங்க பெட்டிக்கு உங்க குரல் வேணும். கலெக்டிவ்வ எறக்கச் சொல்லி அண்ணனுக்கு நல்லா பேசணும்."

"நானா? மைக்லயா? அலாமாக்!"

"கூச்சப்படாதீங்க அக்கா. எவ்வளவு நல்லா பேசுறீங்களோ அவ்வளவுக்கு அண்ணனுக்குப் பாதுகாப்பு."

கெர்ட்ரூட் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டார். பிறகு, "அவ்ளோதானே? நல்லா பேசிருவோம்லா" என்றார்.

ஒலிப்பதிவு நாளன்று தர்மினி ஊரில் இல்லை. அப்பாவின் ஓய்வூதிய வேலையாகத் தைப்பிங்கில் ஓர் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள். மழை. தினமும் நனையும் தைப்பிங்கில் மழை பெய்தது என்று எழுதுவது மையை வீணாக்குவது, ஆனால் அந்த மழையில்தான் ஷான் தொலைபேசியில் சொன்னது அவளுக்குப் பாதி கேட்டது.

"முடிஞ்சது தர்மினி. ரொம்ப நைஸ் லா. சேலை கட்டிட்டு வந்தாங்க. சர்ச்ல இருக்கிற மாதிரி இருந்துச்சு."

சேலை, சர்ச், நைஸ். இந்த மூன்றில் ஒன்றாவது அவளை உலுக்கியிருக்க வேண்டும். வரிசையில் அவள் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள், அதனால் போனை வைத்துவிட்டாள்.

4

[கோளாறு ஒரே சொல்லில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வீடுகளில் 'பேசினார்' என்றால் ஏசினார், திட்டினார் என்று பொருள். சாதாரணமாகப் பேசுவதற்கு அவர்கள் 'கதைக்கிறது' என்பார்கள். தர்மினி மலேசியாவில் பிறந்து, நம்மைப் போலவே லா போட்டுப் பேசுகிறவள்தான். ஆனால் சின்ன வயதில் திட்டு வாங்கியது முழுக்க அப்பாவின் யாழ்ப்பாணத் தமிழில். அதனால் திட்டுக்கு அவளிடம் இருக்கும் ஒரே சொல் 'பேச்சு'. தோட்டத்துத் தமிழில் வளர்ந்த கெர்ட்ரூடுக்குப் பேசு என்றால் பேசுதான். 'ஏசுங்க' என்று சொல்லியிருந்தால் புரிந்திருக்கும். ஆனால் கத்தோலிக்க வீட்டு வாசலில் நின்றுகொண்டு அந்தச் சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் உச்சரிக்க வேண்டும்.]

சோதனை நாள். கெர்ட்ரூட் கேண்டீனை மூடிவிட்டு, மீ கோரெங் நூடுல்ஸ் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, பார்க்க வந்துவிட்டார். தர்மினி பதிவை முன்கூட்டிக் கேட்கவில்லை. கேட்டால் தன் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைத்தாள். யாருடைய குரல் வரப்போகிறது என்பதைக் கஸ்பாரிடமும் சொல்லவில்லை.

முதலில் பழைய ஆங்கிலக் குரல். திரையில் சிலிம் ரிவர் பக்கம் செம்பனை வரிசைகள் ஓடிக்கொண்டிருந்தன. கஸ்பார் ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். தர்மினி இன்ஜினை நிறுத்தினாள். கண், முள், விளக்கு, கை. திரை சிவந்தது.

"என்னா அது, செவப்பா வந்துச்சு?" என்று கேட்டார் கெர்ட்ரூட்.

ஷான் குனிந்து தன் கால் சப்பாத்தைப் பார்த்தார். கஸ்பார் திரும்பாமலே, "ஒண்ணுமில்ல, பாயிண்டு போச்சு" என்றார். கெர்ட்ரூட் தர்மினியின் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டார். மீ கோரெங் டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதுவரைக்கும் பெட்டி என்றால் ஏதோ ரேடியோ விஷயம் என்று நினைத்திருந்தவர் அவர்.

இரண்டாவது ஓட்டம். தர்மினி கொஞ்ச நேரம் விட்டுப் பிடித்தாள். கஸ்பாரின் பாட்டு மறுபடியும் தொடங்கியது. அவள் பொத்தானை அழுத்தினாள், அறையில் இருந்த ஒலிபெருக்கியிலும் அந்தக் குரல் வந்தது. மெதுவாக, சுத்தமாக, ஞாயிறு பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில்:

"ஏங்க, கொஞ்சம் கீழ எறக்குங்க."

தர்மினிக்கு உயிரே போய்விட்டது. இதுவா? திட்டு எங்கே? முதுகில் இருக்கும் கண் எங்கே? தைப்பிங் மழையில் கேட்ட சேலையும் சர்ச்சும் இப்போது வரிசையாக வந்து நின்றன.

பிறகு திரையைப் பார்த்தாள். பச்சையாக இருந்தது. கஸ்பாரின் கை கலெக்டிவ்வைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. 'ஏங்க' என்ற சொல் முடியும் முன்னே அது கீழே போய்விட்டதைக் கணினி காட்டியது. முள்ளைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கவில்லை.

கஸ்பார் காதுக் கருவியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"கெர்ட்டி, ஜோவானுக்கு என்னாச்சு?"

5

ஜோவான் அவர்களுடைய ஒரே மகள். பினாங்கில் வேலை பார்க்கிறாள், அன்றைக்கு நல்ல சுகமாக இருந்தாள், மதியம் அம்மாவுக்குப் பூனைப் படம் ஒன்று அனுப்பியிருந்தாள்.

ஆனால் நாலு வயதில் அவளுக்கு டெங்கி வந்து, ரத்தத்தில் அணுக்கள் குறைந்துகொண்டே போய், ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரிக்கிற மாதிரி ஒரு நிலைமை வந்தது. கஸ்பார் அப்போது தெற்கே முகாமில் இருந்தார். கெர்ட்ரூட் தொலைபேசியில் கூப்பிட்டு ஒரே ஒரு வரி சொன்னார்: "ஏங்க, கொஞ்சம் வாங்க." டேய் இல்லை, கஸ்பாரு இல்லை. அவர் காரணம் கேட்கவில்லை. நேரே காடியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளை பிழைத்தது. கெர்ட்ரூட் மறுபடி டேய்க்குத் திரும்பினார், வீடு வீடானது. அதற்குப் பிறகு 'ஏங்க' என்ற சொல் அந்த வீட்டுக்குள் வரவேயில்லை.

"ஒண்ணுமில்லடா, அவ நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லிக் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டார் கெர்ட்ரூட்.

கொஞ்ச நேரம் கழித்து தர்மினி மெல்லக் கேட்டாள். "அக்கா, நான் பேசத்தானே சொன்னேன்?"

"பேசுனேனே? நல்லா பேசச் சொன்ன. நல்லாத்தான் பேசியிருக்கேன். ஒரு தடவகூட டா வரல பாத்தியா?"

"இல்லக்கா, பேசுறதுன்னா... ஏசுறது. திட்டுறது."

கெர்ட்ரூட் வாயில் கையை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி! திட்டுறதுக்கா என்னய கூப்புட்ட? அதுக்கு மைக் எதுக்குடி?"

தர்மினி பொறியாளர். ஒரு நல்ல முடிவு கிடைத்தால் உடனே அதைச் சந்தேகப்படுவது அவர்களுடைய வழக்கம். ஒருவேளை எந்தத் தொனியில் இருந்தாலும் மனைவி குரல் என்றால் வேலை செய்யுமோ? அங்கேயே கெர்ட்ரூடின் ஒரிஜினல் திட்டு ஒன்றைப் பதிவு செய்தாள். "டேய் கஸ்பாரு, எறக்குடா! காது என்ன அவிஞ்சா போச்சு?" ஷானே ஓர் அடி பின்னால் போனார். மறுநாள் கஸ்பாரை உட்காரவைத்து, ஓட்டத்தின் நடுவே அதைப் போட்டாள்.

கஸ்பார் புன்னகை செய்தார். "வாரேன்லா, இரு" என்றார். கை இருந்த இடத்திலேயே இருந்தது. திரை சிவந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைச் செருப்பும் கிடந்த இடத்திலேயேதான் கிடந்ததாம். இப்போது விசாரித்தேன்.

இதற்குப் பொறியியலில் ஒரு பெயர் இருக்கிறது, எச்சரிக்கைச் சலிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அடிக்கடி கத்துகிற எதையும் மனிதக் காது சுவரில் ஓடும் மின்விசிறி மாதிரி ஆக்கிவிடும். விமானி அறைகளில் புதிதாக மணி சேர்ப்பதைவிட, தேவையில்லாத மணிகளை எடுப்பதுதான் பெரிய வேலை என்று தர்மினி சொன்னாள். [என் பழைய கட்டுரையில் இந்த வரி இல்லை. இருந்திருந்தால் பிழைத்திருக்கும்.]

அன்று மாலை வீட்டில் இதை அப்பாவிடம் சொன்னாள். "அப்பா, கெர்ட்ரூட் அக்காவ அவருக்குப் பேசச் சொன்னனான்..."

இளையதம்பி ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ கதைச்சிட்டா போல. நல்லதுதானே பிள்ளை."

ஷானுக்கு மட்டும் கவலை. ஒவ்வொரு விமானிக்கும் ஒரு கெர்ட்ரூடை எங்கே போய்த் தேடுவது? ராஜு என்று இன்னொரு விமானி இருக்கிறார், அவருடைய மனைவி வாங்க போங்க தவிர வேறு பேசியதே இல்லை, அவருக்கு 'ஏங்க' என்றால் தூக்கம்தான் வரும். தர்மினி யோசித்துவிட்டு, அந்த அக்காவை ஒரு தடவை "டேய்" சொல்லவைக்க வேண்டும் என்றாள். அந்த அக்கா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பெட்டி கஸ்பாரின் ஹெலிகாப்டரில் ஏறியது. அதற்கு முன் தர்மினி பல வாரம் உட்கார்ந்து ஒரே ஒரு காரியம் செய்தாள். இன்ஜினின் இழுப்பு உண்மையிலேயே விட்டால் தவிர அது வாயைத் திறக்கக் கூடாது. சந்தேகத்துக்கு ஒரு தடவை, சோதனைக்கு ஒரு தடவை என்று எதுவும் கிடையாது. ஒரே ஒரு பொய் அந்தக் குரலை வீணாக்கிவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

கஸ்பாருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. வீட்டில், சோபாவில் சாய்ந்தபடி, "கெர்ட்டி, ஒரு தடவ ஏங்கன்னு கூப்புடேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

"டாக் பொலே, முடியாது. அத பெட்டிக்குக் குடுத்துட்டேன். செருப்ப எடுடா."

6

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது எனக்குத் தெரியும். பெட்டியை ஏற்றிவிட்டேன், அது பேச வேண்டும். அது பேச வேண்டுமானால் நான் இன்ஜினை நிறுத்த வேண்டும்.

முடிவு ஒன்று எழுதினேன்:

[லகாட்டுக்கு மேற்கே, பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளுக்கு மேலே, இன்ஜின் நின்றது. "ஏங்க" என்றது பெட்டி. கை இறங்கியது. மறுநடவு செய்த செம்பனைத் திடலில் அந்த ஹெலிகாப்டர் பூப்போல —]

ஹெலிகாப்டர் எதுவும் பூப்போல இறங்காது என்று தர்மினி கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதோடு ஒரு மனிதனின் இன்ஜினை என் கைதட்டலுக்காக நிறுத்துவது எனக்கே கூச்சமாக இருந்தது.

முடிவு இரண்டு:

[இன்ஜின் நின்றது. பெட்டி பேசவில்லை. ஏனென்றால் அன்று காலை —]

அதற்கு மேல் கை ஓடவில்லை. லகாட் கேண்டீன் பக்கம் நான் மறுபடியும் போக வேண்டும் அல்லவா?

முடிவு மூன்றில் இன்ஜின் நிற்பதேயில்லை. கஸ்பார் ஓட்டிக்கொண்டேயிருந்து ஒரு நாள் இந்த வேலையிலும் ஓய்வு பெறுகிறார். பெட்டியைக் கழற்றித் தர்மினி துடைத்து வைக்கிறாள். உள்ளே இருக்கும் குரலை வானத்தில் யாரும் கேட்டதில்லை. பொறியாளருக்கு இதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. கதைக்காரனுக்கு இதைவிடப் பெரிய தோல்வி கிடையாது. ஒன்றும் நடக்காததை யார் படிப்பார்கள்?

மனம் கேட்காமல் கேண்டீனுக்கே போய் கெர்ட்ரூடிடம் மூன்றையும் சொன்னேன். வாணலியில் கரண்டியைப் போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அப்ப நிறுத்தப் போறியா?"

"வாசகர்கள் எதிர்பார்ப்பாங்க அக்கா."

"டேய், ஒன் வாசகரு வந்து எனக்குச் சோறு ஆக்கிப் போடுவாரா? அவன் இன்ஜினு நின்னா ஒனக்கென்னாடா லாபம்? நல்லா இருக்கிற மனுசன ஏன்டா தொந்தரவு பண்ற?"

நான் வாங்கியது பேச்சு. இரண்டு தமிழிலும்.

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் அடுப்பை அணைத்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். குரலும் தணிந்தது.

"சரி. நீ நிறுத்தல. ஆனா படிக்கிறவங்க மனசுல நிறுத்திட்டா?"

"அது என் கையில இல்லையே அக்கா."

"அப்ப அவங்ககிட்ட நானே பேசுறேன். நல்லா பேசுறேன்" என்றார்.

எந்தப் பேச்சு என்று நான் கேட்கவில்லை.

7

ஆகவே இதுதான் நிலைமை. திங்கட்கிழமை காலை. கஸ்பார் சிலிம் ரிவருக்குத் தெற்கே, முன்பு அவர் பிறந்த தோட்டத்து லய வீடுகள் இருந்து இப்போது செம்பனை நிற்கும் இடத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறார். பக்கத்தில் படம் எடுக்கிறவர் கேமராவைச் சரிசெய்கிறார். கஸ்பார் பாட்டை முணுமுணுக்கிறார், இடது கை கலெக்டிவ்வில் சும்மா கிடக்கிறது. ரொட்டிப் பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் ஓடுகிறது.

இன்னொரு வரி இருந்தால் அந்த வரியில் ஏதாவது நடக்க வேண்டும். கதைகளின் சுபாவம் அது. ஒன்றும் நடக்காமல் ஒரு வரிகூட எழுத எனக்கு வராது, படிக்க உங்களுக்கும் வராது. நான் பேனாவை மூடிவிட்டேன். மிச்சம் இருப்பது நீங்களும் உங்கள் கையில் இருக்கும் இந்தப் புத்தகமும். நீங்கள் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அவர் மேலேதான் இருப்பார், என்ன வேண்டுமானாலும் ஆகலாம். நீங்கள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டால் அவர் பாட்டுக்கு ஓட்டி முடித்து, சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பை வாசல் நடுவில் போடுவார்.

கெர்ட்ரூட் இதோ சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். மூன்று வீடு தள்ளியிருக்கும் நாய்கூட எழுந்திருக்காத குரலில், உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறார்:

"ஏங்க, கொஞ்சம் கீழ எறக்குங்க."